வாசகர் கேள்வி: வயிற்றுக்குள் போகும் கேமராவுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

சிறுகுடலைப் படம் பிடிக்கும் கேப்சூலைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்து வாசகர்கள் எழுதிய கேள்விகளில் சிலவற்றுக்கு, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் மின்னணுச் சுற்றுகளை வடிவமைக்கும் பொறியாளர் ஒருவர் இங்கே பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. ஓராண்டாக இரத்தசோகை இருக்கிறது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பியும் ஆசனவாய் வழியாகக் கொலோனோஸ்கோப்பியும் செய்து பார்த்துவிட்டார்கள், காரணம் தெரியவில்லை. இப்போது கேமரா வைத்த கேப்சூலை விழுங்கச் சொல்கிறார் மருத்துவர். அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது. அதற்குள் என்னதான் இருக்கிறது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வாய் வழியாகச் செல்லும் குழாய் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கம் வரை பார்க்கும், கீழிருந்து வரும் குழாய் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும். இவ்விரண்டுக்கும் நடுவே சுருண்டு கிடக்கும் ஏறத்தாழ 6 மீட்டர் சிறுகுடல், சாதாரணக் குழாய்களுக்கு எட்டாத இடம். உங்கள் தாயாருக்கு இரத்தக் கசிவு அங்கே இருக்கக்கூடும் என்று மருத்துவர் ஐயுறுவதால்தான் இந்தக் கேப்சூலைச் சொல்லியிருக்கிறார்.

பரவலாகப் பயன்படும் சிறுகுடல் கேப்சூல் 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. எடை 4 கிராமுக்கும் குறைவு. அதன் மொத்தக் கொள்ளளவு சுமார் 2 மில்லி லிட்டர்தான், அதாவது அரைத் தேக்கரண்டி மருந்துக்கும் குறைவான இடம். முன்முனையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குவிமாடம் இருக்கும். அதற்குப் பின்னால் சிறு லென்ஸும், லென்ஸைச் சுற்றி வெள்ளை எல்.இ.டி. விளக்குகளும், படத்தை உணரும் சில்லும் (சிப்), நடுவில் பொத்தான் பேட்டரிகளும், பின்முனையில் வானொலி அலைபரப்பியும் ஆன்டெனாவும் அடுக்கப்பட்டிருக்கும். விளக்கும் லென்ஸும் ஒரே குவிமாடத்துக்கு அடியில் இருப்பதால், விளக்கின் ஒளி குவிமாடத்தின் உட்சுவரில் பட்டு லென்ஸுக்கே திரும்பினால் படம் வெளுத்துப் போய்விடும். அவ்வாறு நேராமல் இருக்கக் குவிமாடத்தை நீள்வட்ட வளைவில் செய்து, விளக்குகளையும் லென்ஸையும் கணக்கிட்ட இடங்களில் பொருத்துகிறார்கள். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்; மின்சாரம் ஒரு துளியும் செலவழிக்காமல் வெறும் வடிவத்தாலேயே தீர்க்கப்பட்ட சிக்கல் இது.

கேப்சூலுக்கு வெளியே பொத்தானோ திருகோ கிடையாது. பெட்டிக்குள் அது ஒரு சிறு காந்தத்துக்கு அருகில் உறங்கிக்கொண்டிருக்கும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் காந்தப்புலம் விலகுவதால் உள்ளே இருக்கும் சுவிட்ச் மின்சுற்றை இணைத்து, விளக்கு சிமிட்டத் தொடங்கிவிடும். அம்மா அதைக் கண்டால் அஞ்ச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அவருக்கு விழுங்குவதில் சிரமம், முன்பு வயிற்றில் அறுவைச் சிகிச்சை, இதயத்தில் பேஸ்மேக்கர் ஆகியவற்றுள் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கேப்சூல் பார்க்க மட்டுமே செய்யும். சதைத் துணுக்கு எடுக்கவோ கசிவை நிறுத்தவோ அதனால் முடியாது.

கேள்வி: என் கைப்பேசி நொடிக்கு 60 படங்கள் எடுக்கிறது. இந்தக் கேப்சூலோ நொடிக்கு 2 படங்கள்தான் எடுக்கும் என்று உங்கள் குறிப்பில் இருந்தது. இவ்வளவு விலை உயர்ந்த கருவி ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது? (மின்னணுவியல் மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கேள்விக்குத்தான் நான் நீண்ட பதில் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் உயிர்நாடியே இதில் இருக்கிறது. கருவிகளைச் சிறிதாக்குவதுதான் கடினம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கேமராச் சில்லு அரிசி மணி அளவுக்குச் சுருங்கிவிட்டது, அலைபரப்பியும் சுருங்கிவிட்டது; சுருங்க மறுப்பது பேட்டரி ஒன்றுதான். வேதிப்பொருளில் அடைத்து வைக்கும் ஆற்றல் அந்தப் பொருளின் அளவுக்கு ஏற்பவே இருக்கும், அதில் குறுக்குவழி கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேப்சூலில் இருப்பவை வெள்ளி ஆக்சைடு பொத்தான் பேட்டரிகள், ஒவ்வொன்றும் 1.55 வோல்ட். இரண்டைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 3 வோல்ட் கிடைக்கும். இந்த அளவுள்ள பேட்டரியின் கொள்திறனை 55 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். உணவுக்குழாயில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசி வரை செல்ல 8 மணி நேரம் கொடுக்க வேண்டும். அப்படியானால் சராசரியாக 7 மில்லி ஆம்பியருக்குமேல் எடுக்கக் கூடாது. அதாவது விளக்கு, கேமரா, வானொலி எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 மில்லிவாட்தான். உங்கள் கைப்பேசியின் பேட்டரியில் இதைப்போல நூறு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் இருக்கிறது. அப்படி இருந்தும் இரவானால் அதைச் சார்ஜரில் போடுகிறீர்கள்.

இப்போது விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குடலுக்குள் முழு இருட்டு. ஓர் எல்.இ.டி.க்கு 30 மில்லிவாட் என்றால் நான்குக்கு 120 மில்லிவாட். விளக்குகளைத் தொடர்ந்து எரியவிட்டால் நமக்குள்ள மொத்த வரவைப்போல ஆறு மடங்கு அதிலேயே போய்விடும். ஆகவே படம் எடுக்கும் கணத்தில் மட்டும் சிமிட்ட வைக்கிறோம். ஒரு படத்துக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் எரிந்து, நொடிக்கு இரு முறை சிமிட்டினால் சராசரிச் செலவு 5 மில்லிவாட்டுக்குள் அடங்கிவிடும். அதையே நொடிக்கு 60 படங்கள் என்று மாற்றினால் விளக்கு அணையவே நேரம் இருக்காது.

அடுத்தது படத்தை வெளியே அனுப்பும் செலவு. தொடக்க காலக் கேப்சூல்களின் படம் 256க்கு 256 புள்ளிகள் கொண்டது. புள்ளிக்கு 8 பிட் என்று கொண்டால் ஒரு படத்துக்கு 5 இலட்சத்துக்கும் அதிகமான பிட்டுகள், நொடிக்கு 10 இலட்சம். வானொலியில் அனுப்பும் ஒவ்வொரு பிட்டுக்கும் பேட்டரியிலிருந்து விலை கொடுக்க வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பலாமே என்று கேட்பீர்கள்; சுருக்கும் கணக்கைச் செய்யும் சுற்றும் மின்சாரம் உண்ணும். எனவே, சுருக்குவதில் மிச்சமாகும் வானொலி ஆற்றல் சுருக்குவதற்கு ஆகும் ஆற்றலைவிட அதிகமாக இருந்தால்தான் அதில் இறங்க வேண்டும். வண்ணங்களைச் சேர்ப்பது, படத்தை மெருகேற்றுவது போன்ற வேலைகளை நோயாளியின் இடுப்பில் கட்டிய பதிவுக்கருவிக்கோ பின்னர் கணினிக்கோ தள்ளிவிடுவது இந்தத் துறையில் பழகிய உத்தி. வெளியே இடமும் உண்டு, மின்சாரமும் உண்டு.

இவ்வளவு சிக்கனத்துக்குப் பிறகும் 8 மணி நேரத்தில் 50,000 படங்களுக்குமேல் சேர்கின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். கேப்சூல் சிறுகுடலில் பெரும்பாலும் மெதுவாகவே நகர்வதால் நொடிக்கு இரண்டு போதும். ஆனால் சில இடங்களில் அது திடீரென்று வழுக்கிக்கொண்டு போகும், அப்போது பார்க்க வேண்டியது தவறிவிடலாம். அதனால் பின்னாளில் வந்த கேப்சூல்கள் அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, வேகமாக நகரும்போது நொடிக்கு 6 படங்களும், நின்றுவிட்டால் 2 படங்களும் எடுக்கும்படி செய்யப்பட்டன. உங்கள் வகுப்பில் யாராவது, எவ்வளவு வேகமாக இயங்கும் என்பதை வைத்து ஒரு கருவியை மதிப்பிட்டால், இந்தக் கேப்சூலை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏவுகணைக்காகச் செய்த கேமராவிலிருந்துதான் இது வந்தது என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: அடிப்படையில் உண்மைதான். காவ்ரியேல் இத்தான் என்ற இஸ்ரேலியப் பொறியாளர், அந்நாட்டின் ரஃபேல் ஆயுத ஆய்வு நிறுவனத்தில், இலக்கைப் பார்த்து வழிகாட்டும் ஏவுகணைகளின் முன்முனைக் கேமராக்களை வடிவமைத்தவர். 1981இல் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்தபோது, அண்டை வீட்டில் எய்டன் ஸ்காபா என்ற குடல்நோய் மருத்துவர் இருந்தார். சிறுகுடலைப் பார்க்க வழியில்லை என்ற அவருடைய ஆதங்கம்தான் இத்தானின் மனத்தில் விதையானது. ஏவுகணையின் முன்முனையிலும் லென்ஸ், படமுணரி, அலைபரப்பி ஆகியவை குறுகலான இடத்தில்தான் அமைகின்றன அல்லவா?

ஆனால் எண்ணம் தோன்றியது முதல் கருவி வெளிவரும் வரை இருபது ஆண்டுகள் ஆயின. அன்றைய படமுணரிகள் சி.சி.டி. வகையைச் சேர்ந்தவை, அவற்றுக்கு வெவ்வேறு மின்னழுத்தங்கள் வேண்டும், துணைச் சில்லுகளும் வேண்டும், பொத்தான் பேட்டரியை அவை விரைவிலேயே குடித்துத் தீர்த்துவிடும். 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் தலைமையிலான குழு, விண்கலங்களின் கேமராவைச் சிறிதாக்குவதற்காகச் சிமோஸ் படமுணரியை உருவாக்கியது. படம் உணரும் புள்ளிகள், நேரக் கட்டுப்பாடு, எண்ணாக மாற்றும் சுற்று எல்லாம் ஒரே சில்லில், மிகக் குறைந்த மின்சாரத்தில் அடங்கின. அந்தக் குழுவிலிருந்து பிறந்த ஃபோட்டோபிட் நிறுவனம்தான் கேப்சூலுக்கான சில்லை வடிவமைத்தது. இலண்டனில் பால் ஸ்வெய்ன் என்ற மருத்துவரும் தனியாக இதே முயற்சியில் இருந்தார்; பின்னர் இரு தரப்பும் இணைந்தன. 2000இல் 'நேச்சர்' இதழில் அவர்களது கட்டுரை வெளிவந்தது. 2001இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது.

விழுங்கும் மின்னணுக் கருவி என்ற எண்ணம் இதைவிடவும் பழையது. 1957இலேயே மேக்கே, ஜேக்கப்சன் என்ற இருவர், ஒரே ஒரு டிரான்சிஸ்டரை வைத்து, குடலின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வானொலியில் சொல்லும் குளிகை ஒன்றைச் செய்து காட்டினார்கள். படம் கிடையாது; அலையின் அதிர்வெண் ஏறி இறங்குவதே செய்தி. அந்த எளிமையை நான் இன்றும் வியக்கிறேன்.

கேள்வி: குழந்தைகள் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். அதே பேட்டரி இரண்டை ஒரு நோயாளியை விழுங்க வைப்பது எப்படிச் சரியாகும்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: மிகச் சரியான கேள்வி, இரண்டு வயதுக் குழந்தை உள்ள எந்த வீட்டிலும் இதற்கான விடை தெரிந்திருக்க வேண்டும். மூடியில்லாத பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஈரமான திசுவின் வழியாக மின்னோட்டம் பாயும். பேட்டரியின் எதிர்மின் முனையை ஒட்டிய இடத்தில் ஹைட்ராக்சைடு உருவாகிக் கடுமையான காரமாகச் சேரும். அந்தக் காரம்தான் திசுவை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் உண்டாகிவிடலாம். தட்டையான 20 மில்லிமீட்டர், 3 வோல்ட் லித்தியம் பேட்டரி இவற்றுள் மிகக் கொடியது, ஏனென்றால் அது குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகப் பொருந்திச் சிக்கிக்கொள்ளும் அளவில் இருக்கிறது, மின்னழுத்தமும் அதிகம். குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற ஐயம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேப்சூலில் அதே பேட்டரி இருந்தாலும், அதன் இரு முனைகளும் உடலின் ஈரத்தைத் தொட வழியே இல்லை. வெளிக்கூடு அமிலத்தால் கரையாத பிளாஸ்டிக்கால் ஆனது, மூட்டே தெரியாதபடி ஒட்டப்பட்டது. இரைப்பையின் அமிலம், குடலின் அழுத்தம், தவறிப் பல்லால் கடிபடுவது ஆகியவற்றையெல்லாம் மனத்தில் கொண்டே அந்தக் கூட்டைச் சோதிக்கிறார்கள். அதனால்தான் கேப்சூலைக் கடிக்கக் கூடாது என்று மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

கேள்வி: புளூடூத் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. கேப்சூலின் படம் நேராகக் கைப்பேசிக்கு வந்தால் வசதியாக இருக்குமே? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக உறிஞ்சும். நம் உடலோ பெரும்பகுதி நீர். அலையின் அதிர்வெண்ணைக் குறைத்தால் உடலை ஊடுருவுவது எளிதாகும், ஆனால் அலைநீளம் கூடி ஆன்டெனா பெரிதாக வேண்டியிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் சமரசமாக அமைந்ததுதான் 400 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே உள்ள அலைவரிசை. 434 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் காற்றில் 69 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு நீள ஆன்டெனா வேண்டுமென்றால் 17 சென்டிமீட்டர். கேப்சூலின் நீளமோ 2.6 சென்டிமீட்டர். நல்ல வேளையாக, திசுவுக்குள் அலைநீளம் பல மடங்கு சுருங்கும் என்பதால், கம்பியைச் சுருளாக்கி ஒருவாறு சமாளிக்க முடிகிறது. கேப்சூல் குடலுக்குள் உருண்டு புரண்டு எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால், வயிற்றின் மேல் பல உணரிகளை ஒட்டி, எதில் அலை வலுவாகக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

வானொலியே இல்லாமல் செய்தவர்களும் உண்டு. கொரியாவின் மைரோகேம் கேப்சூல், நோயாளியின் உடலையே கம்பியாகக் கொண்டு, கூட்டின் மேலுள்ள மின்முனைகள் வழியாக மிகச் சிறிய மின்குறிகளைத் தோலில் ஒட்டிய உணரிகளுக்கு அனுப்புகிறது. அமெரிக்காவின் காப்சோகேம் படங்களை உள்ளேயே சேமித்து வைக்கிறது. நோயாளி உடலில் எதையும் கட்டிக்கொள்ள வேண்டாம், ஆனால் மலத்திலிருந்து கேப்சூலை எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பொறியியலாக எனக்கு அது அழகான தீர்வாகவே தோன்றுகிறது. நோயாளிகள் எல்லோரும் அப்படி நினைப்பார்கள் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டால்? (வாசகி, சேலம்)

பதில்: பெரும்பாலோருக்கு அது இயல்பாக வெளியேறிவிடும். நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு, குடலில் குறுகலான இடம் இருந்தால் இரண்டு வாரத்துக்குமேல் தங்கிவிடலாம். குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் க்ரோன் நோய் உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். அத்தகையவர்களுக்கு முதலில் அதே அளவுள்ள வெறும் சோதனைக் கேப்சூல் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதில் மின்னணுக் கருவி எதுவும் கிடையாது, அடையாளச் சில்லு ஒன்று மட்டும் இருக்கும். சிக்கிக்கொண்டால் சுமார் 30 மணி நேரத்துக்குப் பிறகு கரையத் தொடங்கிவிடும். உண்மைக் கேப்சூல் வெளியேறிவிட்டது என்று உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது.

கேள்வி: எலுமிச்சம்பழத்தில் செம்பும் துத்தநாகமும் குத்தி மின்சாரம் எடுப்பதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறேன். இரைப்பையிலும் அமிலம் இருக்கிறதே. பேட்டரியே இல்லாமல் கேப்சூல் இயங்காதா? (அறிவியல் ஆசிரியை, விழுப்புரம்)

பதில்: உங்கள் மாணவர்களிடம் இன்றே சொல்லுங்கள்: நீங்கள் கேட்டதையே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், குடல்நோய் மருத்துவரான ஜியோவானி டிராவர்சோ, ஃபிலிப் நாடோ ஆகியோர் அடங்கிய குழு, துத்தநாகமும் செம்பும் கொண்ட கேப்சூலைப் பன்றிகளின் இரைப்பையில் வைத்துச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. சராசரியாக 6 நாட்கள் மின்சாரம் கிடைத்தது. மின்முனையின் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.23 மைக்ரோவாட். ஒரு சதுர சென்டிமீட்டர் மின்முனை வைத்தால் 23 மைக்ரோவாட் ஆகும். மேலே நாம் கணக்கிட்ட 20 மில்லிவாட்டோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே விளக்கு போட்டுப் படம் பிடிக்கும் கேப்சூலை இரைப்பையின் அமிலத்தைக் கொண்டு இயக்க இயலாது.

ஆனால் எல்லாக் கேப்சூலும் படம் பிடிக்க வேண்டும் என்பதில்லையே. 2017இல் அமெரிக்கா அனுமதித்த ஒரு மனநோய் மாத்திரைக்குள் மணல் துகள் அளவில் ஒரு சில்லு இருந்தது. அதன் மேல் பூசிய செம்பும் மெக்னீசியமும் இரைப்பை நீரில் நனைந்தவுடன் பிறக்கும் மின்சாரத்தில், நோயாளி மாத்திரையை உட்கொண்டார் என்ற ஒரே செய்தியைத் தோலில் ஒட்டிய பட்டைக்குச் சொல்லிவிட்டு அது ஓய்ந்துவிடும். அந்தச் சில்லைச் செய்த நிறுவனம் 2020இல் நொடித்துப்போனது. மருந்து உட்கொண்டதைக் கண்காணிப்பது சரியா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் நுட்பம் வேலை செய்தது.

சந்திரகாசன் 1990களிலிருந்தே வலியுறுத்தி வந்தது ஒரு நேரடியான விதி: எண்முறைச் சுற்று ஒவ்வொரு முறை மாறும்போதும் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால் பங்காகும். சுற்று மெதுவாகும், ஆனால் குடலுக்குள் என்ன அவசரம்? இந்த வழியில் அதே எம்.ஐ.டி. குழு, டிமத்தி லூவுடன் சேர்ந்து 2018இல் மற்றொரு கேப்சூலைப் பன்றிகளில் சோதித்துக் காட்டியது. அதில் கேமரா இல்லை, விளக்கும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீம் என்ற பொருளை உணர்ந்தால் ஒளிரும்படி மரபணு மாற்றப்பட்ட பாக்டீரியாக்கள் ஒரு சவ்வுக்குப் பின்னால் வாழ்கின்றன. வயிற்றில் இரத்தக் கசிவு இருந்தால் அவை மங்கலாக ஒளிரும். அடியிலுள்ள சில்லு அந்த ஒளியை அளந்து வெளியே சொல்லும். அந்தக் கருவி சுமார் 4 சென்டிமீட்டர் நீளம் இருந்தது, இன்னும் சிறிதாக வேண்டும். சோதனையில் அதை இயக்கியது பேட்டரிதான். அதற்குத் தேவைப்பட்ட மின்சாரம் 13 மைக்ரோவாட். உங்கள் எலுமிச்சம்பழச் சோதனையின் முறையிலேயே ஒரு சதுர சென்டிமீட்டர் உலோகம் இரைப்பையில் தரக்கூடியது 23.